வெள்ளைக்கல்லும் டீசலும்

சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளிக்கு வந்ததும் நாமக்கல் சமவெளி முடிந்து கொல்லிமலைச் சாலை ஆரம்பிக்கிறது. அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். ஒரு டன் எடையை அவ்வளவு உயரம் தூக்க 98 லட்சம் ஜூல் ஆற்றல் தேவை. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 360 லட்சம் ஜூல் இருக்கிறது என்றாலும், அதில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும். ஆக, டன்னுக்கு முக்கால் லிட்டருக்கு மேல் ஆகிறது. பத்து டன் லாரி ஒன்று மேலே போய் நிற்கும்போது, தன் எடையைத் தூக்கிய வேலைக்கு மட்டும் எட்டு லிட்டர் டீசலைக் குடித்து முடித்திருக்கும். காற்றைக் கிழித்ததற்கும் டயர் உருண்டதற்கும் ஆன செலவு தனி.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரித் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டி என்பதே எடைதான்: எவ்வளவு எடை, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மானியப் பந்தயக் கார்களின் வரலாற்றையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்தே படித்துவிடலாம் என்பது என் கட்சி. குதிரைத்திறனையும் உச்ச வேகத்தையும் பேசுகிற புத்தகங்கள் ஏராளம். அவற்றில் பலவும் எடையை ஒரு வரியில் கடந்துபோகின்றன.

ஐரோப்பாவில் மலையேற்றப் பந்தயம் என்று ஒரு வகை உண்டு. ஆஸ்திரியாவின் கைஸ்பெர்க், பிரான்சின் மான் வான்டூ போன்ற மலைச்சாலைகளில் ஒரு நேரத்தில் ஒரு கார் மட்டும் ஏறும், போட்டி கடிகாரத்தோடு. இதற்காக 1968-இல் போர்ஷே 909 என்ற காரைக் கட்டியது. இரண்டு லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின். மொத்த எடை 400 கிலோவுக்கும் குறைவு. இரண்டு பேரை ஏற்றிய ஒரு புல்லட்டை அதற்கு எதிர்த்தட்டில் வைத்தால் தராசு கிட்டத்தட்ட நேராக நிற்கும். அன்று போர்ஷேயின் பந்தயக் கார்களை உருவாக்கும் பொறுப்பில் இருந்தவர் ஃபெர்டினாண்ட் பியெக், நிறுவனரின் பேரன். கையில் காந்தத்தோடு பட்டறையைச் சுற்றி வந்து, எந்த உறுப்பில் அது ஒட்டுகிறதோ அதை வேறு உலோகத்தில் செய்யச் சொல்வார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு, இரும்பு என்றால் எடை. 909-இல் பிரேக் வட்டு பெரிலியத்தில் செய்யப்பட்டது. பெட்ரோல் பம்பையும் எடுத்துவிட்டார்கள். டைட்டானியக் கோளம் ஒன்றுக்குள் ரப்பர்ப் பையில் எரிபொருள். சுற்றிலும் அழுத்தத்தில் நைட்ரஜன். அந்த அழுத்தமே எரிபொருளை எஞ்சினுக்குத் தள்ளிவிடும். சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஓட்டத்துக்கு அவ்வளவு போதும்.

ஏற்றத்தில் எடை குறைந்தால் லாபம் என்பது சரி. வளைவில் என்ன லாபம்? கொண்டை ஊசி வளைவின் ஆரம் பத்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்பினால் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். வேகத்தை 40 ஆக்கினால் அது நான்கு மடங்காகிப் புவியீர்ப்பையே தாண்டும். அதைத் தாங்க நல்ல பந்தய டயர் வேண்டும். பள்ளிப் பாடத்தில் இந்த இடத்தில் எடை அடிபட்டுப்போகும்: கனமான வண்டியை வளைக்க அதிக விசை தேவை, ஆனால் கனமான வண்டியின் டயர் தரையை அதே விகிதத்தில் அதிகமாகப் பிடிக்கும், ஆகவே இரண்டும் சமம் என்று. உண்மையான ரப்பர் அப்படி நடந்துகொள்வதில்லை. சுமை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிக்காது. அதற்குக் குறைவாகவே கூடும். டயரை அழுத்த அழுத்த, ஒவ்வொரு கூடுதல் கிலோவும் முந்தைய கிலோவைவிடக் கொஞ்சம் குறைவான பிடிப்பையே தரும். அதனால்தான் ஒரே டயரில் லேசான கார் கனமான காரைவிட வேகமாகத் திரும்புகிறது. பியெக்கின் காந்தத்துக்குப் பின்னால் இருந்த இயற்பியல் இதுதான்.

எடை வெறி அவரோடு தொடங்கியதும் அல்ல. 1934-இல் வந்த கிராண்ட் பிரீ விதி, காலி காரின் எடை 750 கிலோவைத் தாண்டக்கூடாது என்றது. மெர்சிடிஸ் கார் ஒரு கிலோ கூடப்போய்விட்டதாகவும், ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டி எடுத்ததில் கார் வெள்ளி நிறமாகிவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. அணி மேலாளர் ஆல்ஃப்ரெட் நாய்பாவர் பிற்காலத்தில் சொன்னது. கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஈஃபல் பந்தயத்துக்கு அந்த எடை வரம்பே பொருந்தாது என்று வரலாற்றாசிரியர்கள் காட்டிவிட்டார்கள். நான் அந்தக் கதையை நம்பவில்லை. ஆனாலும் ஒரு பந்தய அணி தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எடுத்த கதை, ஒரு கிலோவைப் பற்றியதாக இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி: எடை எங்கே?

நாமக்கல்லில் சேஸ் மீது பாடி கட்டும் பட்டறைகளில் இதற்கு ஒரு அளவு இருக்கிறது. பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் பகுதி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. காரணம் எளிது. பின் அச்சுக்கு வெளியே உட்காரும் சுமை, அச்சை நடுப்புள்ளியாக வைத்து வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். ஸ்டீரிங் லேசாகிவிடும். திருப்பினாலும் வண்டி நேராகப் போகப் பார்க்கும்.

இப்போது போர்ஷே 911-ஐப் பாருங்கள். 1963 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற எண்ணோடு வந்தது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்க எண்கள் தங்களுடையவை என்று பிரான்சின் பியூஜோ நிறுவனம் சொன்னதால் 911 ஆனது. ஆறு சிலிண்டர் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. பாடி கட்டுகிற ஒருவர் பார்த்தால், இவ்வளவு பாரத்தை இங்கே யார் வைத்தது என்றுதான் முதலில் கேட்பார். காரின் எடையில் சுமார் 60 சதவீதம் பின் சக்கரங்கள் மேல்.

இதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஏற்றத்தில் நன்மை. மலையில் ஏறும்போது எடை தானாகவே பின்னுக்குச் சாயும். வேகமெடுத்தால் இன்னும் சாயும். பத்துக்கு ஒன்று என்ற சரிவில், புவியீர்ப்பில் பாதி அளவு முடுக்கத்தில் ஏறும் பழைய 911-க்குக் கணக்குப் போட்டால், எடையில் நான்கில் மூன்று பங்குக்குக் கிட்டத்தட்டப் பின் சக்கரங்கள் மேல் வந்துவிடுகிறது. தள்ளுகிற சக்கரமும் அதுதான். ஈரச் சாலையிலும் சுழலாமல் பிடித்துத் தள்ளும். காலி லாரியின் பின் சக்கரம் மழையில் வழுக்குவதும், லோடு ஏற்றிய பிறகு அதே லாரி பிடிமானத்தோடு ஏறுவதும் இதே காரணத்தால்தான். மான்டி கார்லோ பனிச்சாலை ராலியில் 1968, 1969, 1970 என்று மூன்று வருடம் தொடர்ந்து 911 ஜெயித்தது.

ஆபத்து வளைவின் நடுவில் இருக்கிறது. வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கும்போது பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னுக்குப் பாய்கிறது. முன் டயர்கள் சட்டென்று இறுக்கிப் பிடிக்கின்றன. பின் டயர்கள் பிடியை இழக்கின்றன. எஞ்சின் வளைவுக்கு வெளியே வீசப்படுகிறது. ஒரு பொருளைச் சுழற்றவும் சுழற்சியை நிறுத்தவும் ஆகும் பாடு, மையத்திலிருந்து அதன் எடை இருக்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கடைக்கோடியில் இருக்கும் எஞ்சின் சுழல ஆரம்பித்தால் எளிதில் நிற்காது. இதைச் சரிசெய்யப் போர்ஷே முதலில் செய்தது வேடிக்கையானது போலத் தோன்றினாலும் சரியான இயற்பியல்: முன் பம்பரின் இரு மூலைகளிலும் 11 கிலோ வார்ப்பிரும்பைப் புதைத்தது. லேசாக்குவதில் வெறிபிடித்த நிறுவனம் 22 கிலோ இரும்பை வேண்டுமென்றே சுமந்தது! பிறகு 1969 மாடலில் நேரான வைத்தியம் செய்தார்கள். எஞ்சினை அதன் இடத்திலேயே விட்டு, பின் அச்சை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். பாட்டரியை இரண்டாகப் பிரித்து முன் மட்கார்டுகளுக்குள் வைத்தார்கள். வார்ப்பிரும்புக்கு வேலையில்லாமல் போனது.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் எஞ்சின் பின்னால்தான் இருக்கிறது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமார் தொடங்கிய அணி ஓட்டியதும் போர்ஷே 911-தான். பயிற்சியின்போது அவர் ஓட்டிய கார் தடுப்பில் மோதிச் சுழன்ற காட்சியைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் குறைவு. அவர் காயமின்றி இறங்கி நடந்தார். அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. சேலத்துத் தியேட்டர் வாசலில் அவருக்குக் கட் அவுட் வைக்கிறவர்கள் அந்த வாரம் இரவில் கண்விழித்து ஒரு தாங்குதிறன் பந்தயத்தைப் பார்த்தார்கள் என்பது, இந்த விளையாட்டை நேசிக்கிற எனக்குப் பெரிய சந்தோஷம்.

எடை எங்கே என்பதைப் பார்த்தாகிவிட்டது. எவ்வளவு என்பதற்குத் திரும்புவோம். அதற்குச் சேலத்துக்குப் போக வேண்டும்.

கருப்பூர், மாமாங்கம், செட்டிச்சாவடி பக்கம் நிலத்தைப் பார்த்தால் கரும்பச்சைப் பாறைக்குள் வெள்ளை நரம்புகள் ஓடுகின்றன. வெள்ளைக்கல் என்பது ஊர்ப் பெயர். மேக்னசைட் என்பது கனிமப் பெயர். ரயில்வேயில் மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு நிலையமே உண்டு. மெக்னீசியம் மிகுந்த ஆழ்பாறையைக் கரியமில வாயு கலந்த நீர் நெடுங்காலம் அரித்ததில் விளைந்த கல் இது. வேதியியல்படி மெக்னீசியம் கார்பனேட். சூளையில் சுட்டால் கரியமில வாயு போய் மெக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். அதன் உருகுநிலை 2,800 டிகிரி செல்சியஸ் அளவில். உருக்காலை உலைகளின் உட்சுவருக்கான செங்கல் இதிலிருந்து செய்யப்படுகிறது. சேலத்துச் சுரங்கங்கள் பெரும்பாலும் வாழ்ந்தது இந்தச் செங்கல் தொழிலால்.

அதே கல்லுக்குள் இருக்கிற உலோகம் வேறு குணம் கொண்டது. மெக்னீசியத்தின் அடர்த்தி 1.74. அலுமினியம் 2.7, எஃகு 7.8. கட்டுமானத்துக்குப் பயன்படும் உலோகங்களில் இதைவிட லேசானது இல்லை. ஆனால் பற்றிக்கொண்டால் கண் கூசும் வெள்ளை ஒளியோடு எரியும். ஒரே தனிமம் எப்படி உலைச் சுவராகவும் வெடிவிளக்காகவும் இருக்க முடியும்? உலைச் செங்கல் தீயைத் தாங்குவதற்குக் காரணம், அது ஏற்கெனவே எரிந்து முடிந்த மெக்னீசியம். சாம்பலை மறுபடி எரிக்க முடியாது. அந்தச் சாம்பலிலிருந்து உலோகத்தைத் திரும்ப எடுக்கக் கிலோவுக்குச் சுமார் 250 லட்சம் ஜூலைப் பலவந்தமாக உள்ளே செலுத்த வேண்டும். எரியும்போது அந்த ஆற்றல்தான் வெளியே வருகிறது. கிட்டத்தட்ட ஒரு கிலோ நிலக்கரியின் ஆற்றல். தண்ணீரை ஊற்றினால் ஹைட்ரஜன் பிறந்து தீ பெருகும். கரியமில வாயுவிலும் அது எரியும்.

ஜெர்மனி இந்த உலோகத்தை முன்பே வசப்படுத்தியது. எலெக்ட்ரான் என்ற பெயரில் மெக்னீசியக் கலவையை 1909-லேயே காட்சிக்கு வைத்தார்கள். வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் எஞ்சின் கூடு மெக்னீசியக் கலவை. மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். பந்தயக் காரின் மேலுடலும் அதுவே. 1955 ஜூன் 11 அன்று பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், பியர் லெவே ஓட்டிய அந்தக் கார் முன்னால் போன காரில் ஏறிப் பறந்து சிதறியது; சிதறிய பாகங்கள் கூட்டத்துக்குள் பாய்ந்தன. லெவேயும் எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தார்கள். எரிந்த காரின் மேல் தண்ணீர் அடித்தது தீயை இன்னும் வளர்த்தது. அந்த ஆண்டு முடிவில் மெர்சிடிஸ் பந்தயத்தைவிட்டு விலகியது. இந்த விளையாட்டின் வரலாற்றை எழுதுகிற யாரும் அந்த நாளை அடிக்குறிப்பாக்கிவிடக் கூடாது.

போர்ஷே அதற்குப் பிறகும் மெக்னீசியத்தை விடவில்லை. 1968-இலிருந்து சுமார் பத்தாண்டுகள் 911-இன் எஞ்சின் கூடு மெக்னீசியத்தில் வார்க்கப்பட்டது. எஞ்சின் பெரிதாகி 2.7 லிட்டர் ஆனபோது வெப்பத்தில் அந்தக் கூடு தளர்ந்து, போல்ட்டுகள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. பின்னர் அலுமினியத்துக்குத் திரும்பினார்கள். லேசான உலோகத்துக்கு இதுவும் ஒரு விலை.

ஆனால் 1971-இல் அவர்கள் செய்த துணிச்சல் தனி ரகம். 917 என்ற பன்னிரண்டு சிலிண்டர் கார் 1969-இல் வந்திருந்தது. ஹான்ஸ் மெட்ஸ்கர் வடிவமைத்த எஞ்சின். காரின் அலுமினியக் குழாய்ச் சட்டகம் 50 கிலோவுக்கும் குறைவு. குழாய்களுக்குள் வாயுவை அழுத்தத்தில் அடைத்து ஒரு மானியை மாட்டினார்கள். முள் இறங்கினால் எங்கோ விரிசல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சட்டகத்தையும் கனம் என்று நினைத்து, 1971 லெ மானுக்கு ஒரு காரை மெக்னீசியக் குழாய்களில் கட்டினார்கள். கட்டியான மெக்னீசியம் சீக்கிரம் பற்றாது, வெப்பத்தை உடனே பரப்பிவிடும் என்பது வேதியியல். அதற்குள் உட்கார்ந்து மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவது வேறு விஷயம். ஹெல்முட் மார்க்கோவும் கைஸ் வான் லெனெப்பும் 24 மணி நேரத்தில் 5,335 கிலோமீட்டர் ஓட்டி ஜெயித்தார்கள். சராசரி மணிக்கு 222 கிலோமீட்டர். அந்தத் தூரச் சாதனை 39 ஆண்டுகள் நின்றது.

சேலத்துக் கல் அந்தச் சட்டகத்துக்குள் போனது என்று நான் சொல்லவில்லை. தனிமம் ஒன்று, அவ்வளவே. அந்தத் தூரச் சாதனையை முறியடித்த எரிபொருளோ நாமக்கல்லுக்கு நன்றாகப் பழக்கமானது.

1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசலின் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றிக் காட்டியது. நீராவி எஞ்சின்கள் அதில் பாதியை எட்டவே திணறிய காலம். அதை லாரிக்குள் வைக்க முடிந்தது, 1927-இல் ராபர்ட் பாஷ் நிறுவனம் துல்லியமான ஊசி பம்பைப் பெருவாரியாகத் தயாரித்த பிறகுதான். 1951-இல் அந்த நிறுவனம் பெங்களூரில் மைக்கோவாக வந்தது; நம் மெக்கானிக்குகள் கழற்றிப் பூட்டுகிற மைக்கோ பம்பு அந்த வழி வந்தது. 1954-இல் டெய்ம்லர்-பென்ஸோடு சேர்ந்து டாடா லாரி கட்டத் தொடங்கியது. அந்த லாரிகளின் முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. 1969 வரை அதோடு நம் சாலைகளில் ஓடின. அதே 1954-இல் அதே நட்சத்திரத்தோடு ஹுவான் ஃபாங்கியோ, பெரும்பாலான பந்தயங்களில் மெர்சிடிஸ் டபிள்யூ 196 காரை ஓட்டி, ஃபார்முலா ஒன் பட்டம் வென்றார். அந்தக் காரின் பெட்ரோல் எஞ்சினுக்குள் எரிபொருளை நேராகப் பீய்ச்சியது பாஷ் பம்பு. டீசல் எஞ்சினில் பழகிய கை. டாடா பென்ஸ் லாரியை ஓட்டிய தலைமுறைக்கு இந்த உறவு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

டீசலுக்கு ஒரு குறை: உயர் அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாக இருக்க வேண்டும். எடையை வெறுக்கும் பந்தயத்தில் அதற்கு என்ன வேலை? 24 மணி நேரப் பந்தயத்தில் இருக்கிறது. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆற்றல் அதிகம். எஞ்சினும் அதைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. நிறுத்தி நிரப்புவது குறையும். எஞ்சினில் ஏற்றிய எடையை நேரத்தில் திரும்ப எடுத்துவிடலாம். ஆடி நிறுவனத்தின் ஆர் 10 டி.டி.ஐ. கார், 5.5 லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர், இரண்டு டர்போ, 1,100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையோடு, 2006-இல் லெ மானை ஜெயித்தது. டீசல் கார் அங்கே ஜெயித்தது அதுவே முதல் தடவை. 2007, 2008-இலும் ஜெயித்தது. அதன் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி இருந்தது, 2020-இல் பி.எஸ். 6 விதி வந்தபின் நம் புது லாரிகளில் பொருத்தப்படுவதும் அதே வகைதான்.

2009-இல் தனியார் அணி ஒன்று அந்த ஆர் 10-ஐ லெ மானுக்குக் கொண்டுபோனது. ஓட்டுநர் மூவரில் ஒருவர் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். பந்தயம் தொடங்கும் நேரத்தில் பிட் சுவரிலிருந்து குதித்தபோது அவர் தோள்மூட்டு நழுவியது. அவரால் ஒரு சுற்றுகூடப் பந்தயத்தில் ஓட்ட முடியவில்லை. மற்ற இருவரும், ஆந்த்ரே லோட்டரரும் சார்லஸ் ஸ்வால்ஸ்மனும், மாற்றி மாற்றி 24 மணி நேரமும் ஓட்டி ஏழாவது இடத்தில் முடித்தார்கள். லோட்டரரை ஆடி தன் சொந்த அணிக்கு எடுத்துக்கொண்டது. பின்னாளில் மூன்று முறை லெ மானை வென்றார். நரேனின் அந்த ஒரு குதியை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அடுத்த ஆண்டு, 2010. வேகத்தில் முன்னால் இருந்தவை பியூஜோவின் டீசல் கார்கள். ஆனால் ஒவ்வொன்றாக நின்றன. சிலவற்றில் கனெக்டிங் ராடு எஞ்சினுக்குள் முறிந்தது. ஆடியின் ஆர் 15 டீசல் கார்கள் மூன்றும் அவற்றைவிட மெதுவாக, நிற்காமல் ஓடி முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. வென்ற கார் 5,410 கிலோமீட்டர் ஓடியிருந்தது. 1971-இல் ஆறு கிலோமீட்டர் நேர்ச்சாலையாக இருந்த இடத்தில் 1990-இலேயே இரண்டு வளைவுகளைப் போட்டுவிட்டார்கள். அவற்றில் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் பிடித்துத் திரும்பியும், மெக்னீசியக் காரைவிட 75 கிலோமீட்டர் கூடுதல்.